972 விளக்குகள், 9 படிகள்: கொலுவுக்கு எந்த போர்டு?

கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டுக் கொலுவுக்கு ஒன்பது படிகள். ஆறடி அகல மரப்படிகள், அவற்றின் மேல் வெள்ளை வேட்டி. உச்சியில் கலசமும் மரப்பாச்சி இணையும், அடிப்படியில் செட்டியார் கடை. இத்தனை ஆண்டுகளும் சீரியல் பல்புகளைச் சுற்றிலும் தொங்கவிட்டுத்தான் ஒளியூட்டினார்கள். சென்ற ஆண்டு, மகாளய அமாவாசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவருடைய பேரன் நான்கு சுருள் எல்இடி ஸ்டிரிப்பை (விளக்குகள் பதித்த நாடா) வாங்கி வைத்துக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, இதற்கு எந்த போர்டு வாங்கலாம்?"

போர்டு என்பது இங்கே, விளக்குகளுக்குக் கட்டளையிடும் ஒரு சிறு கணினி அட்டை. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயர்தான் பதிலாகக் கிடைக்கிறது. ஊனோ போதும் என்பார் ஒருவர், ஈஎஸ்பி 32 வாங்கு என்பார் இன்னொருவர். இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் போகலாம். நாங்கள் அந்த மூன்று வாரத்தில் மூன்று போர்டுகளை மாட்டிப் பார்த்தோம். போர்டு என்பது கணக்கின் கடைசி வரி என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எத்தனை விளக்கு, எவ்வளவு மின்சாரம், யார் கையாளப்போகிறார்கள், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்ற வரிகள் முதலில் நிரம்ப வேண்டும். அவை நிரம்பிவிட்டால் போர்டின் பெயர் தானாகவே கீழே வந்து நிற்கிறது. அந்தக் கணக்கை நாங்கள் போட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஸ்டிரிப்பிலிருந்து தொடங்கிய கணக்கு

பையன் வாங்கியது டபிள்யூஎஸ் 2812பி வகை. 5 வோல்ட், மீட்டருக்கு 60 விளக்கு, சுருளுக்கு 5 மீட்டர். ஒவ்வொரு விளக்கின் உள்ளேயும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடிகளும் அவற்றை இயக்கும் ஒரு குட்டிச் சில்லும் (சிப்) இருக்கின்றன. போர்டிலிருந்து ஒரே ஒரு டேட்டா வயர் போகும். முதல் விளக்கு தனக்குரிய 24 பிட்டுகளை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குத் தள்ளும். பந்தியில் வாளி நகர்வதைப் போல.

ஒரு படிக்கு 1.8 மீட்டர், அதாவது 108 விளக்குகள். ஒன்பது படிக்கு 972. ஒரு சுருளில் இரண்டு முழுப் படிகளை வெட்டினால் 1.4 மீட்டர் மிஞ்சும். நான்கு சுருளில் எட்டுப் படிகள் முழுசாக வந்தன. ஒன்பதாவது படிக்கு 84 விளக்குகள் கொண்ட துண்டையும் 24 விளக்குகள் கொண்ட துண்டையும் பற்றவைத்து ஒட்டினோம். இந்த ஒட்டு பிற்பாடு கதையில் வரும்.

அடுத்து நேரம். இந்த வகை விளக்குகளுக்கு ஒரு பிட்டை அனுப்ப 1.25 மைக்ரோநொடி. ஒரு விளக்குக்கு 24 பிட், ஆகவே 30 மைக்ரோநொடி. 972 விளக்குகளையும் ஒரே வயரில் கோத்தால் ஒருமுறை முழுவதையும் புதுப்பிக்க 29 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். நொடிக்கு 34 முறை. உலகத்திலேயே வேகமான போர்டை வைத்தாலும் ஒற்றை வயரில் இந்த எண் மாறாது, ஏனென்றால் வேகத்தை நிர்ணயிப்பது ஸ்டிரிப். போர்டின் மெகாஹெர்ட்ஸைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அந்த 1.25 மைக்ரோநொடிக்குள் சங்கதி இன்னும் நுணுக்கமானது. வயர் சுமார் 0.4 மைக்ரோநொடி உயர்நிலையில், அதாவது மின்னழுத்தம் ஏறிய நிலையில், இருந்தால் அது பூஜ்யம், 0.8 மைக்ரோநொடி இருந்தால் ஒன்று. பிசகுக்கு இடம் 0.15 மைக்ரோநொடிதான். அனுப்பிக்கொண்டிருக்கும்போது போர்டு வேறு வேலைக்குக் கொஞ்சம் திரும்பினாலும் பூஜ்யம் ஒன்றாகிவிடும், பச்சையில் ஒரு நீலப் பொட்டு தெறிக்கும். ஒவ்வொரு போர்டும் இந்தக் கவனச் சிதறலை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் தேர்வின் மையம்.

ஊனோ: இரண்டு படி வரை அருமை

பையனிடம் பள்ளிக் காலத்து ஆர்டுயினோ ஊனோ இருந்தது. அதையே முதலில் மாட்டினோம். ஊனோவுக்கு இந்த வேலையில் ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: அதன் டேட்டா பின் (வயர் மாட்டும் முனை) 5 வோல்ட் தரும், ஸ்டிரிப்பும் 5 வோல்ட். இடையில் எதுவும் தேவையில்லை. இரண்டு படிகளை இணைத்து நியோபிக்சல் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்து நிரல் எழுதினான். சிவப்பு கேட்டோம், பச்சை வந்தது. டபிள்யூஎஸ் 2812பி பச்சையை முதலில் வாங்கிக்கொள்ளும். நிரலில் ஒரு சொல்லை மாற்றியதும் சரியாயிற்று. 216 விளக்குகளும் கூடத்தில் ஓடியபோது பெரியம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்று பார்த்தார்.

மறுநாள் எண்ணை 972 ஆக்கினான். நிரல் பிழையின்றி ஏறியது. நினைவகத்தில் சில நூறு பைட்டுகளே செலவு என்று திரையில் வந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. வயரைக் கழற்றி மாட்டினோம், வேறு பின்னுக்கு மாற்றினோம், ஸ்டிரிப்பைத் திருப்பிப் போட்டோம். எதற்கும் பலனில்லை.

காரணம் எளிய பெருக்கல். ஒரு விளக்குக்கு 3 பைட். 972 விளக்குக்கு 2,916 பைட். ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சில்லின் நினைவகம் மொத்தமே 2,048 பைட். அப்படியானால் நிரல் ஏறும்போதே ஏன் எச்சரிக்கவில்லை? நியோபிக்சல் நூலகம் வண்ணங்களுக்கான இடத்தை நிரல் ஓடத் தொடங்கிய பின்னரே கேட்டு வாங்குகிறது. நிரலைக் கணினி போர்டின் மொழிக்கு மாற்றும், அதாவது மொழிபெயர்க்கும் நேரத்தில் அந்தச் செலவு கணக்கில் வராது. ஓடும்போது இடம் கேட்டு, கிடைக்காமல், சத்தமில்லாமல் விளக்கு எண்ணிக்கையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது. ஃபாஸ்ட்எல்இடி நூலகத்தில் பட்டியலை நாமே முன்கூட்டி அறிவிக்கிறோம், ஆகவே மொழிபெயர்ப்பிலேயே இடம் போதாது என்று நிறுத்திவிடும். இது தெரியாமல் நல்ல ஸ்டிரிப்பைக் கெட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊனோவில் மற்ற வேலைகளுக்கும் இடம் விட்டுப் பார்த்தால் 500 விளக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏடிமெகா 2560 சில்லுள்ள ஆர்டுயினோ மெகாவில் 8 கிலோபைட் இருக்கிறது. இடச் சிக்கல் தீர்ந்துவிடும், 5 வோல்ட்டும் அதுவே தரும். பையன் அதை வாங்கத் தயாராகிவிட்டான். நான் தடுத்ததற்குக் காரணம், இரண்டு படிகளோடு ஓடிய அந்த முதல் நாளிலேயே நாங்கள் கண்ட இரண்டு கோளாறுகள்.

பெரியம்மாவுக்காக ஒரு சிறு அகச்சிவப்பு ரிமோட்டைச் சேர்த்திருந்தோம். ஐந்து முறை அழுத்தினால் ஒருமுறை கேட்டது. மின்கலத்தை மாற்றினோம், ரிமோட்டையே மாற்றினோம். கோளாறு ரிமோட்டில் இல்லை. பிட் நேரம் பிசகாமல் இருக்க, வண்ணங்களை அனுப்பும் காலம் முழுவதும் ஊனோ தன் காதுகளை மூடிக்கொள்கிறது. குறுக்கீடுகள், அதாவது நடப்பு வேலையை இடைநிறுத்தி வரும் அழைப்புகள், எல்லாம் நிறுத்தப்படுகின்றன. ரிமோட்டின் ஒரு செய்தி நீள்வது ஏறத்தாழ 67 மில்லிநொடி. அதன் நடுவே இரண்டு மூன்று முறை காது மூடினால் செய்தி சிதைந்துவிடும். 216 விளக்குக்கே இந்த நிலை என்றால் 972 விளக்குக்கு ஒவ்வொரு முறையும் 29 மில்லிநொடி செவிடு.

இரண்டாவது கோளாறு, கடிகாரம். ஒரு மணி நேரத்தில் அணைய வேண்டும் என்று வைத்த கணக்கு ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. ஊனோ தன் நேரத்தை எண்ணுவதும் ஒரு குறுக்கீட்டால்தான். மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் அந்தத் தட்டலை, காது மூடியிருக்கும்போது அது தவறவிடுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஐந்து மில்லிநொடி தொலைந்து, ஒரு மணி நேரத்தில் கால்மணி வித்தியாசம் சேர்ந்துவிட்டது. மெகாவும் இதே குலம்தான். வயரைப் பிரித்து நான்கு பின்களில் மாட்டினாலும் அந்த நூலகம் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கும், நேரம் மிச்சமாகாது.

வாசற்படிக் கோலத்தைச் சுற்றி, கார் நிறுத்துமிடத்தில், மாடத்தில் 100 விளக்கு எரியவிட வேண்டும், ஒரு பொத்தான் போதும் என்றால் ஊனோவை இன்றும் தயங்காமல் சொல்வேன். ஒன்பது படிக்கு அது தாங்காது.

மேசையில் எரிந்தது, படியில் துடித்தது

அடுத்தது நோட்எம்சியு, அதாவது ஈஎஸ்பி 8266. வைஃபை உண்டு, நினைவகம் தாராளம், விலையும் குறைவு. மேசையில் ஒரு படியின் ஸ்டிரிப்பைக் கணினியின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் கொடுத்து இயக்கினோம். பிசகில்லாமல் எரிந்தது. அதே ஸ்டிரிப், அதே நிரல், அதே வயர். படியில் பொருத்தி 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி) கொடுத்ததும் முதல் விளக்கு துடிக்கத் தொடங்கியது. அதன் துடிப்பு வரிசை முழுக்கப் பரவி, வண்ணங்கள் கிறுக்குத்தனமாக ஓடின.

மல்டிமீட்டரை எடுத்தேன். யுஎஸ்பியில் ஸ்டிரிப்புக்குக் கிடைத்தது 4.7 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸில் 5.1. விடை அங்கேயே இருந்தது. டபிள்யூஎஸ் 2812பி தனக்கு வரும் மின்னழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு இருந்தால்தான் டேட்டாவை உயர்நிலை என்று ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. 4.7 வோல்ட்டுக்கு அது 3.29. ஈஎஸ்பி சில்லுகளின் பின் தருவது 3.3 வோல்ட். நூலிழையில் தாண்டியது. 5.1 வோல்ட்டுக்கு 3.57 வேண்டும். நல்ல மின்சாரம் கொடுத்ததால்தான் கெட்டது! 3.3 வோல்ட் போர்டில் எதுவும் சேர்க்காமல் எரிந்துகொண்டிருக்கும் ஸ்டிரிப்புகள் ஏராளம் உண்டு. அவை விதிக்கு வெளியே, சில்லின் தயவில் எரிகின்றன. நவராத்திரி ஒன்பது நாளும் அந்தத் தயவு நீடிக்கும் என்று நம்பிப் படியேற்ற எனக்கு மனம் வரவில்லை.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு விளக்கை வெட்டியெடுத்து, அதற்கு மட்டும் 1என் 4007 டையோடு வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். டையோடு 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். 4.4 வோல்ட்டில் இயங்கும் அந்த விளக்குக்கு 3.1 வோல்ட் டேட்டா போதும். அது தன் அடுத்ததற்குத் தள்ளும்போது 4.4 வோல்ட்டில் தள்ளும். அது 3.57-ஐத் தாண்டிவிடுகிறது. முதல் இரவு அப்படித்தான் ஓட்டினோம்.

முறையான வழி, இடையில் 3.3 வோல்ட் டேட்டாவை 5 வோல்ட்டாக ஏற்றித் தரும் ஒரு மட்டமாற்றிச் சில்லு. 74 ஏஎச்சிடி 125 என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். கடையில் 74 எச்சி 125 கொடுத்துவிட்டார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று, கால்கள் ஒன்று, வேலையும் ஒன்று என்றுதான் தோன்றும். எச்சி வகையும் 5 வோல்ட்டில் 3.5 வோல்ட்டை எதிர்பார்க்கும், ஆகவே ஸ்டிரிப்பின் பிரச்சினை அப்படியே சில்லுக்கு இடம் மாறும். பெயரில் அந்த 'டி' எழுத்து இருந்தால்தான் 2 வோல்ட்டுக்கு மேல் வந்த எதையும் உயர்நிலை என்று ஏற்கும். ஒரு எழுத்துக்காகப் பையன் மறுபடியும் கடைக்குப் போய் வந்தான்.

மட்டமாற்றி வந்த பிறகும் நோட்எம்சியுவில் அரைநிமிடத்துக்கு ஒரு பொட்டு தெறித்தது. இது வேறு நோய். ஈஎஸ்பி 8266-இல் ஒரே கரு (கணிக்கும் பகுதி). வைஃபை வேலையும் அதன் தலையில்தான். வைஃபை கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும், போன நேரத்தில் பிட் பிசகும். டேட்டாவை ஆர்எக்ஸ் என்று எழுதியிருக்கும் பின்னுக்கு மாற்றி, நினைவகத்திலிருந்து நேரே பின்னுக்கு வண்ணங்களை ஊற்றும் முறையைப் பயன்படுத்தினோம். பொட்டு நின்றது. ஆனால் இப்படி ஊற்றக்கூடிய பின் இந்தப் போர்டில் அந்த ஒன்றுதான்.

ஒன்று போதாதா? 34 முறை புதுப்பிப்பு கொலுவுக்குத் தாராளம்தானே? வேகத்துக்கு அது போதும். வேறொரு காரணத்துக்குப் போதாது. பந்தியில் நடுவில் ஒருவர் வாளியை வாங்கி வைத்துக்கொண்டால் அவருக்கு அப்பால் உள்ளவர்கள் எல்லோருக்கும் இலை காலி. இந்த ஸ்டிரிப்பில் ஒரு விளக்கு செத்தால் அதன் பிறகு உள்ளவை அனைத்தும் போய்விடும். குழந்தைகள் கைவைக்கும் கூடத்தில், 972 விளக்கை ஒரே வரிசையில் கோத்து வைத்துக்கொண்டு, இரண்டாம் படியில் ஒரு வயர் விட்டால் கொலு முழுவதும் இருட்டு என்பதை நான் ஏற்கவில்லை. குறைந்தது மூன்று தனி வரிசைகள் வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த முடிவுதான் போர்டைத் தேர்ந்தெடுத்தது.

மிஞ்சிய இரண்டு பெயர்கள்

மூன்று வரிசை என்றதும் களத்தில் இரண்டு பேர் நின்றார்கள்: ராஸ்பெரி பை பிக்கோ, ஈஎஸ்பி 32.

பிக்கோவின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தது. அதன் ஆர்பி 2040 சில்லில் 264 கிலோபைட் நினைவகம், அதைவிட முக்கியமாக எட்டுச் சின்னஞ்சிறு இயந்திரங்கள். முதன்மைக் கரு என்ன செய்துகொண்டிருந்தாலும் அந்த எட்டும் தங்கள் பின்னை மட்டும் பார்த்துக்கொண்டு நேரம் தவறாமல் உயர்த்தித் தாழ்த்தும். டபிள்யூஎஸ் 2812பி விளக்குக்கான முழு நேரக்கணக்கும் அதில் நான்கே கட்டளைகளில் முடிந்துவிடுகிறது. அந்த நான்கு வரிகளைப் படித்தபோது ஒரு நல்ல வெண்பாவைப் படித்த நிறைவு எனக்கு. நேரம் பிசகாமல் எட்டு வரிசை வரை ஓட்ட இதைவிட அழகான வழியை இந்த விலையில் நான் கண்டதில்லை. 2022-இல் வந்த பிக்கோ டபிள்யூவில் வைஃபையும் உண்டு.

ஆனாலும் அதை விட்டோம். காரணம் நான் சென்னையில் இருக்கிறேன். பிக்கோவை எடுத்தால் வண்ணம், வேகம், நேரம், கைபேசியில் திரை எல்லாவற்றையும் நானே எழுத வேண்டும். நான்காம் நாள் மாலை பெரியம்மா வேறு வண்ணம் கேட்டால் பையன் என்னைத்தான் அழைக்க வேண்டும். ஈஎஸ்பி வகைகளுக்கு டபிள்யூஎல்இடி என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. உலாவியிலிருந்தே போர்டில் ஏற்றிவிடலாம், பிறகு கைபேசியிலேயே வண்ணம், வரிசை, மின்சார வரம்பு எல்லாம். ஒரு வரி நிரல் தேவையில்லை. வீட்டில் இருப்பவரே கையாள முடியும் என்பது பொறியியல் காரணங்களுக்கு இணையான காரணம்.

டீன்சி 4 என்ற போர்டு இன்னும் வலியது, ஒரு மண்டபம் அளவு விளக்குக்கு அது பொருந்தும், இங்கே வீண் செலவு. லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பை வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கும்பகோணத்தில் மாலை நேர மின்வெட்டில் அதன் நினைவக அட்டை ஒருநாள் கெட்டுப்போகும்.

ஈஎஸ்பி 32-இல் இரண்டு கருக்கள், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் நினைவகம். அகச்சிவப்பு ரிமோட்டுக்காக அதில் வைத்த துடிப்பு உருவாக்கி எட்டு வாய்க்கால்கள் கொண்டது. அதையே இந்த விளக்குகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். மூன்று வரிசை, வரிசைக்கு 324 விளக்கு, 9.7 மில்லிநொடியில் மூன்றும் ஒரே நேரத்தில் முடியும்.

பின்களைப் பொறுத்தவரை இந்தப் போர்டில் கண்ணிகள் உண்டு. பையன் மூலையில் வசதியாக இருந்த 34-ஆம் பின்னில் டேட்டாவை மாட்டிவிட்டு ஒரு மாலை முழுவதும் போராடினான். 34 முதல் 39 வரை உள்ளவை கேட்க மட்டுமே தெரிந்தவை, பேசத் தெரியாது. 6 முதல் 11 வரை உள்ளவை போர்டின் சொந்த நினைவகத்துக்குப் போகின்றன. 12-ஆம் பின் மின்சாரம் வரும் நொடியில் உயர்நிலையில் இருந்தால் போர்டு எழுந்திருக்கவே மறுக்கலாம். நாங்கள் 16, 17, 18 என்று எடுத்துக்கொண்டோம். 74 ஏஎச்சிடி 125-இல் நான்கு வாயில்கள் உண்டு. மூன்று வரிசைக்கு மூன்று, நான்காவதன் உள்வழியைக் கிரவுண்டில் கட்டிவிட்டோம். ஒவ்வொரு வெளிவழியிலும் 330 ஓம் ரெசிஸ்டர். ஒற்றைப்படைப் படிகள் இடமிருந்து வலம், இரட்டைப்படைப் படிகள் வலமிருந்து இடம். அப்படிக் கோத்தால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஒரு சாண் வயர் போதும்.

58 ஆம்பியர் என்ற எண்

ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 972 விளக்கு, 58 ஆம்பியர். 5 வோல்ட்தானே, தொட்டால் ஷாக் அடிக்காதே என்பார்கள். ஷாக் அடிக்காது. மெல்லிய வயரைச் சிவக்கச் சூடேற்றுவதற்கு 58 ஆம்பியர் போதும். வேட்டித் துணி, காகிதப் பூ, உலர்ந்த மரம், அருகே எண்ணெய் விளக்கு. எந்த போர்டு என்பதைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட இதைப் பற்றி நாங்கள் பேசிய நேரம் அதிகம்.

பெரியம்மாதான் அந்த எண்ணைக் குறைத்தார். முழு வெள்ளையில் இரண்டு படிகளை எரியவிட்டுக் காட்டியபோது, கண்களைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "வருகிறவர்கள் பொம்மையைப் பார்க்க வருகிறார்களா, விளக்கைப் பார்க்க வருகிறார்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வெள்ளையை விட்டோம். மூன்று வண்ணத்தைக் கலந்து வரும் வெள்ளை நீலம் பாய்ந்தது. அதில் மண் பொம்மையின் முகம் சாம்பல் பூசியது போல் இருந்தது. சிவப்பு முழுமை, பச்சை பாதிக்குச் சற்று மேல், நீலம் ஒரு துளி என்று குத்துவிளக்குச் சுடருக்கு அருகில் கொண்டுவந்து, வெளிச்சத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தோம். பொம்மைகளின் கன்னத்தில் உயிர் வந்தது. மீட்டரில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல்.

5 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வாங்கினோம். டபிள்யூஎல்இடியில் உச்ச மின்னோட்டத்தை 14 ஆம்பியர் என்று கட்டினோம். இந்த வரம்பு ஒரு மதிப்பீடு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வண்ண எண்களைக் கூட்டி மென்பொருள் கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறது, எந்த வயரையும் அது அளப்பதில்லை. முதலில் ஏற்றும்போது அந்த வரம்பு 850 மில்லியாம்பியரில் இருக்கும். ஸ்டிரிப் மங்கலாக எரிகிறதே என்று போர்டைக் குறைசொல்லும் பலர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

மதிப்பீட்டை மட்டும் நம்ப முடியாததால் ஒவ்வொரு படிக்கும் ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ். கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் தட்டை ஃப்யூஸ்கள்தான், ஒன்பது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் படிகளின் பின்பக்கமாகக் கீழிருந்து மேலே ஏறுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு படிக்கும் இரண்டு முனையிலும் மின்சாரம். ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் ஸ்டிரிப்பின் மெல்லிய செம்புத் தடத்தில் வோல்ட் தேய்ந்துகொண்டே போய், கடைசி விளக்குகளில் வெள்ளை மஞ்சளாகிச் சிவக்கும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும் என்பதால் முதலில் சோர்வது நீலம். ஸ்டிரிப்பை அலுமினியச் சட்டத்தில் பதித்து மேலே பால்நிற மூடி போட்டோம். எஸ்எம்பிஎஸ்ஸைப் படிக்கு அடியில், வேட்டிக்குள் வைக்கவில்லை. காற்றோட்டமாக வெளியே, சுவரோரம்.

இன்னொன்று. விளக்கு அணைந்து கறுப்பாக இருக்கும்போதும் உள்ளேயுள்ள சில்லுகள் மின்சாரம் குடிக்கின்றன. 972-க்கும் சேர்த்து முக்கால் ஆம்பியருக்கு மேல் இருந்தது. ஆகவே இரவில் ஸ்டிரிப்பின் மின்சாரத்தையே துண்டிக்க ஒரு ரிலே வைத்தோம். அதற்கு ஒரு பின்னை ஒதுக்க டபிள்யூஎல்இடியிலேயே வசதி இருக்கிறது.

பெரியம்மாவின் பொத்தான்

கைபேசியில் வண்ணத்தை மாற்றலாம் என்று பையன் காட்டியபோது பெரியம்மா தலையாட்டினார். பிறகு என்னிடம் தனியாக, "சுவரில் ஒரு சுவிட்ச் இல்லையா?" என்றார்.

காலிங் பெல் சுவிட்ச் ஒன்றைப் படியின் பக்கவாட்டில் பொருத்தினோம். டபிள்யூஎல்இடி வழக்கமாகப் பொத்தானுக்கு எடுத்துக்கொள்வது 0-ஆம் பின். மின்சாரம் வரும்போது அந்தப் பின் அழுத்தப்பட்டிருந்தால் போர்டு புதிய நிரலுக்காகக் காத்திருந்துவிடும், விளக்கு எரியாது. அதனால் 4-ஆம் பின்னுக்கு மாற்றினோம். மூன்று மீட்டர் வயரில் மின்விசிறியைப் போட்டாலே பொத்தான் தானாக அழுந்தியது போல் வண்ணம் மாறியது. பொத்தானை அழுத்தாதபோது பின்னை உயர்நிலையில் பிடித்துவைக்கும், போர்டின் உள்ளே இருக்கும் இழுவை ரெசிஸ்டர் அத்தனை நீள வயருக்குப் பலவீனம். வெளியே 4.7 கிலோஓம் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்த பிறகு அடங்கியது. மாலை ஆறுக்கு எரிந்து ஒன்பதரைக்கு அணையும்படியும் வைத்தோம். அந்த நேரத்தை மென்பொருள் இணையத்திலிருந்து பெறுகிறது. ரவுட்டர் தூங்கினால் அதற்கு மணி தெரியாது. பொத்தானுக்கு எதுவும் தேவையில்லை.

பத்து மாலைகள்

இரண்டாம் நாள் இருபது நிமிட மின்வெட்டு. மின்சாரம் திரும்பி, சேமித்து வைத்த அதே சுடர் வண்ணத்தில் விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகுதான் ரவுட்டர் விழித்தது. யாரும் எதையும் தொடவில்லை.

நான்காம் நாள், சுண்டலுக்குக் காத்திருந்த ஒரு குழந்தை ஐந்தாம் படியின் சட்டத்தைப் பிடித்து எழுந்தது. பாதிக்கு அப்பால் ஐந்தாம் படியும் அதன் தொடர்ச்சியான ஆறாம் படியும் அணைந்தன. மற்ற ஏழு படிகளும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. கூட்டம் போன பிறகு பையன் சூட்டுக்கோலை எடுத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்தான். என்னைத் தொலைபேசியில் அழைத்தது சரிசெய்து முடித்த பிறகுதான்.

ஏழாம் நாள் ஒன்பதாம் படியில், நாங்கள் ஒட்டிய இடத்துக்கு அப்பால் 24 விளக்குகள் மினுக்கின. பற்றவைப்பு விலகியிருந்தது. கலசத்துக்கு அருகே என்பதால் அன்று தொடாமல், அந்த 24-ஐ மட்டும் கைபேசியிலேயே அணைத்துவைத்து மறுநாள் காலை பார்த்தோம்.

நொடிக்கு 100 முறை புதுப்பிக்கும் வேகத்தை நாங்கள் ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். பெரியம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: கீழ்ப்படியிலிருந்து வெளிச்சம் மெதுவாக, ஒரு படிக்கு நான்கு நொடி எடுத்துக்கொண்டு, மேலேறிக் கலசத்தில் நிற்பது. அதற்கு நொடிக்கு 20 முறை போதும்.

மறுபடி தொடக்கத்திலிருந்து வாங்குவதாக இருந்தால் போர்டை மாற்ற மாட்டேன், ஸ்டிரிப்பை மாற்றுவேன். 12 வோல்ட்டில் இயங்கும் டபிள்யூஎஸ் 2815 வகையில் வயர் கனம் குறையும், ஒரு விளக்கு செத்தாலும் துணை டேட்டா வயர் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்திவிடும். இல்லாவிட்டால் 5 வோல்ட்டிலேயே தனி வெண்சுடர் எல்இடி கொண்ட எஸ்கே 6812. பொம்மையின் முகத்துக்கு இரண்டாவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்கவைத்த பிறகு பெரியம்மா பொத்தானை அழுத்தினார். மறுநாள் சட்டங்களைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றினோம். ஈஎஸ்பி 32-ஐயும் மட்டமாற்றியையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் செட்டியார் பொம்மையின் பெட்டியிலேயே வைத்தான் பையன். டப்பா மூடியின் உட்புறம் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "டேட்டா 16, 17, 18. பொத்தான் 4. 34-இல் மாட்டாதே. சில்லு 74 ஏஎச்சிடி 125, நடுவில் 'டி' இருக்க வேண்டும். ஃப்யூஸ் 5 ஆம்பியர். ஒன்பதாம் படி ஒட்டு: 84-க்கும் 85-க்கும் நடுவே, ஏற்றும் முன் பார்."